காரில் கீறல்: பாலிஷ் போதுமா, காம்பவுண்ட் வேண்டுமா, பெயிண்ட்டே வைக்க வேண்டுமா?

கார் கதவில் ஒரு கோடு விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டால் போய்விடும் என்கிறார் ஒருவர். பாலிஷைவிட வேகமாகத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்ட் இல்லாமல் ஆகாது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கீறலுக்குள் மட்டும் தொட்டு வைக்கும் டச்-அப் பெயிண்ட் வைக்கச் சொல்கிறார். பட்டறையில் காட்டினால் கதவு முழுக்க அடிக்க வேண்டும் என்று பதில் வருகிறது. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நாலு பதிலையும் கேட்டுக் குழம்பித்தான் வருகிறார்கள். நாலு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆளுக்கொரு கீறலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உங்கள் காரில் இருப்பது எந்தக் கீறல் என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

## கீறல் எதன் மேல் விழுந்திருக்கிறது

தகட்டுக்கு மேல் நாலு அடுக்குகள் இருக்கின்றன. தகட்டை ஒட்டித் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். தொழிற்சாலையில் இருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். அச்சடிக்கும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேல் போகாத படலம் இது. பாலிஷ், காம்பவுண்ட், உப்புத்தாள் எல்லாம் வேலை செய்வது இந்தப் படலத்துக்குள்தான்.

கீறலை எடுப்பது என்று சொல்கிறோமே, உண்மையில் யாரும் கீறலை எடுப்பதில்லை. அது ஒரு பள்ளம். பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் பரப்பைத் தேய்த்து இறக்குகிறோம். ஆழமான கீறலை முழுக்கப் போக்க வேண்டுமானால் அத்தனை ஆழத்துக்குக் கிளியர் கோட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரில் இருந்து நிறத்தைக் காப்பதும் அதே படலம்தான். அது மெலிந்த இடத்தில் சில வருஷங்களில் வெளுத்து, தோல் உரிகிற மாதிரி உரியத் தொடங்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். அது எந்த ஆழம் வரைக்கும் எட்டும்? அதற்குக் கிளியர் கோட்டில் எவ்வளவு செலவாகும்? ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்குமா? உங்கள் நேரமும் தோள்வலியும் எவ்வளவு? தவறு நடந்தால் திரும்பி வர முடியுமா?

கடைசிக் கேள்விக்கு மற்ற நாலையும்விட அதிக எடை கொடுக்கிறேன். மெழுகு பிடிக்கவில்லை என்றால் கழுவி எடுத்துவிடலாம். டச்-அப் சரியாக வரவில்லை என்றால் ஈரம் காயும் முன் துடைத்து மறுபடியும் வைக்கலாம். உப்புத்தாள் ஒரு தடவை பேஸ் கோட் வரை இறங்கிவிட்டால் அந்தப் பலகை (கதவு, பானெட் மாதிரி ஒரு தனித் தகட்டுப் பகுதி) முழுவதற்கும் பெயிண்ட் அடிப்பது தவிர வேறு வழி கிடையாது. கீறல் வைத்தியத்தில் நான் பார்த்த வருத்தங்களில் அதிகம், தேவைக்கு ஒரு படி வலிமையான வழியை எடுத்ததால் வந்தவை. மெதுவான வழியை எடுத்து ஏமாந்தவருக்கு ஒரு மாலைப் பொழுதுதான் நஷ்டம்.

## ஆழத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் அந்த இடத்தைக் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் உலரவிடுங்கள். தூசியோடு எதையும் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசியே புதுக் கீறல் போடும்.

கழுவிய பிறகு கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வேறொரு வண்டியோ சுவரோ உரசியிருந்தால், கீறல் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி எதிராளியின் பெயிண்ட் நம் காரின் மேல் ஒட்டிக்கொண்டதாக இருக்கும். தார் நீக்கியையோ லேசான பாலிஷையோ துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் அது வந்துவிடும். பம்பரில் பெரிய வெள்ளைத் தீற்றலைப் பார்த்துப் பதறியவர்கள், பத்து நிமிஷத்தில் அதற்கடியில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் இருப்பதைப் பார்த்து மூச்சு விடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது நீர்ச் சோதனை. கீறல் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. காற்றைவிடத் தண்ணீர் ஒளியை வளைக்கும் விதம் கிளியர் கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால், பள்ளத்தில் நீர் நிறைந்ததும் ஒளி சிதறாமல் போகிறது. நனைந்த பிறகும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் நிறத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை அழுத்தாமல் இழுங்கள். வழுக்கிப் போனால் பாலிஷுக்கு வாய்ப்பு உண்டு. லேசாகத் தட்டினால் காம்பவுண்ட் வரைக்கும் யோசிக்கலாம். நன்றாக மாட்டி நின்றால், தேய்த்துப் போக்குகிற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

| சோதனையில் தெரிவது | கீறல் நிற்கும் இடம் | முதலில் யோசிக்க வேண்டியது |
|---|---|---|
| வேறு நிறத் தீற்றல், பள்ளம் இல்லை | பெயிண்ட்டின் மேல் | தார் நீக்கி, லேசான பாலிஷ் |
| வெயிலில் மட்டும் சிலந்தி வலை மாதிரி தெரியும் | கிளியர் கோட்டின் மேல் தோல் | பாலிஷ். பரப்பு பெரிதானால் மெஷின் |
| நனைந்தால் மறையும், நகம் லேசாகத் தட்டும் | கிளியர் கோட்டுக்குள் | காம்பவுண்ட், பிறகு பாலிஷ் |
| நனைந்தாலும் தெரியும், நகம் மாட்டும் | பேஸ் கோட் அல்லது பிரைமர் | டச்-அப் பெயிண்ட் |
| உலோகம் மின்னும், பழுப்புத் துரு | தகடு | உடனே டச்-அப். நீளமானால் பட்டறை |

உப்புத்தாளுக்கு இந்த அட்டவணையில் ஒரு வரிசைகூட இல்லை. காரணம் அதன் பகுதியில் வருகிறது.

## மெழுகு, கிளேஸ், எண்ணெய்: மறைக்கிற வழி

நீர்ச் சோதனையில் நடந்ததையே கொஞ்ச நாள் நீட்டிப்பதுதான் இந்த வழி. கிளேஸும் சில வகை மெழுகுகளும் பள்ளத்தை நிரப்பி ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்கின்றன. கிளியர் கோட்டில் செலவே இல்லை, பிடிக்காவிட்டால் கழுவிவிடலாம். சில கழுவல்களில் கரைந்து கோடு மறுபடி எட்டிப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தை சைக்கிளோடு பக்கத்தில் விளையாடுகிற வீட்டில், எப்படியும் புதுக் கோடு விழும் என்று தெரிந்தவருக்கு, இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இல்லை.

வீட்டு எண்ணெயும் துரு இளக்கும் ஸ்ப்ரேயும் கீறலைப் 'போக்கிவிட்டதாக' வருகிற வீடியோக்களில் நடப்பதும் இதேதான். அவற்றில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. சிலிகோன் கலந்த ஸ்ப்ரே அந்த இடத்தில் ஊறியிருந்தால், பின்னால் அங்கே பெயிண்ட் வைக்கும்போது பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகி நிற்கும். டச்-அப் செய்யப் போகும் கீறலில் இவற்றை வைக்கவே வைக்காதீர்கள்.

பற்பசை இதில் சேராது. அதில் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆகவே மெல்லிய கோடுகளில் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் அந்தத் துகள் பல்லை நினைத்துச் செய்யப்பட்டது. பெயிண்ட்டில் அது ஒரே மாதிரி தேயாது, தன் பங்குக்கு மங்கலை விட்டுச் செல்லும். பாலிஷ் கிடைக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

## கையால் பாலிஷ்

நகம் மாட்டாத கீறல்களுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். பாலிஷில் இருக்கும் நுண்ணிய துகள் மிகச் சொற்ப அளவே கிளியர் கோட்டை எடுக்கும். கையால் தேய்க்கும்போது அதற்கும் குறைவு. கை மெதுவானது என்று எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய பாதுகாப்பாகத் தெரிகிறது: கையும் பாலிஷும் மட்டும் வைத்துக்கொண்டு சமதளத்தில் கிளியர் கோட்டைத் தாண்டிப் போவது மிகக் கடினம்.

முறையில்தான் பலன் இருக்கிறது. தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; வெயிலில் வைத்துச் செய்தால் பாலிஷ் வேலை முடியும் முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் பேடில் பட்டாணி அளவு இரண்டு மூன்று சொட்டு போதும். ஒரு நேரத்தில் உள்ளங்கையைப் போல இரண்டு மடங்கு பரப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் உள்ளங்கை முழுவதிலும் சமமாக இருக்கட்டும். ஒரே விரலால் கீறலின் மேல் மட்டும் தேய்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. அது கோட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் தோண்டும், சாய்ந்த வெளிச்சத்தில் அந்த வாய்க்கால் கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். வட்டமாகத் தேய்ப்பதைவிட முன்னும் பின்னும் நேர்கோட்டில், பிறகு அதற்குக் குறுக்காகத் தேய்ப்பது நல்லது. இரண்டு நிமிஷம் தேய்த்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பாருங்கள். மூன்று நாலு சுற்று போகலாம்.

பாலிஷில் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் துடைத்தவுடன் தெரியும் பளபளப்பை நம்பக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு முறை துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அதில் தெரிவதுதான் உண்மை நிலை.

கோடு முழுசாகப் போகாவிட்டாலும் ஏமாற்றம் வேண்டாம். கீறல் கண்ணில் படுவதற்குக் காரணம் அதன் கூர்மையான விளிம்புகளில் ஒளி சிதறுவது. பாலிஷ் அந்த விளிம்புகளை மழுக்குகிறது. அடிப்பள்ளம் அப்படியே இருந்தாலும், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாத அளவுக்கு மங்கிப்போகும். பல நேரம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே நல்ல முடிவு.

மறைமுகச் செலவு நேரம்தான். கதவுக் கைப்பிடிக் குழியில் இருக்கும் நகக் கீறல்களுக்கு அரை மணி நேரம் போதும். பானெட் முழுக்க வலை மாதிரி பரவியிருக்கும் கழுவல் கோடுகளைக் கையால் எடுக்க உட்கார்ந்தால் நாள் போகும், தோள் போகும், ஒரே சீராகவும் வராது. அதற்குக் கை சரியான கருவி இல்லை.

## ரப்பிங் காம்பவுண்ட்

காம்பவுண்ட் என்பது முரட்டுப் பாலிஷ். துகள் பெரிது, வேகம் அதிகம், தேய்ந்த இடத்தில் ஒரு மங்கலை விட்டுச் செல்லும். எனவே காம்பவுண்ட் போட்டால் அதன் மேல் பாலிஷும் போட்டே ஆக வேண்டும். வாங்கும்போது இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி பேட், தனித்தனி துணி. காம்பவுண்ட் துடைத்த துணியில் மிச்சமிருக்கும் துகள், நீங்கள் மெருகேற்றிய பரப்பில் மறுபடி கோடு போடும்.

நகம் லேசாகத் தட்டுகிற, பாலிஷ் மூன்று சுற்று போட்டும் அசையாத ஒற்றைக் கோடுகளுக்கு இது பொருந்தும். அங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: பக்கத்தில் இருக்கும் பலகை ஓரங்கள், உடலில் ஓடும் மடிப்புக் கோடுகள், கறுப்பு பிளாஸ்டிக் பட்டிகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரங்களிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் மெல்லியதாக இருக்கும், நம் கை அழுத்தமும் அங்கேதான் குவியும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் ஏறிக் காய்ந்தால் வெள்ளைக் கறையை எடுக்கப் பல் துலக்கும் பிரஷோடு உட்கார வேண்டி வரும்.

தேய்க்கும்போது துணியில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். ஒன்று, நீங்கள் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள். அல்லது, உங்கள் காரில் கிளியர் கோட்டே கிடையாது. 1980-களுக்கு முந்தைய கார்கள் பலவற்றிலும் பிற்காலத்துச் சில ஒற்றை நிறக் கார்களிலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். அவற்றில் துணியில் நிறம் ஏறுவது இயல்பு. எது என்று தெரிந்துகொள்ள, கண்ணில் படாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியும் பாலிஷும் வைத்து முன்பே தேய்த்துப் பாருங்கள்.

## உப்புத்தாள்

பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்பார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான கட்டையில் சுற்றி, நீர் விட்டுக்கொண்டே தேய்ப்பது. கீறலைச் சமப்படுத்துவதில் இதைவிட வேகமான கைவழி இல்லை. அந்த வேகமே இதன் ஆபத்தும்.

தாளில் P-க்குப் பின்னால் வரும் எண் கூடக்கூடத் துகள் நுண்ணியது. P2000 தாளின் துகள் சராசரியாக 10 மைக்ரான். கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் என்று மேலே சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். அதற்குள் எத்தனை தேய்ப்பு போக முடியும் என்று பெயிண்ட்டின் கனத்தைக் காட்டும் அளவுக் கருவி இல்லாமல் சொல்ல முடியாது. முந்தைய உரிமையாளர் எத்தனை முறை பாலிஷ் அடித்தார், அதில் எவ்வளவு போயிற்று என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

என் பழைய கருநீலக் காரின் பின்கதவில், மடிப்புக் கோட்டை ஒட்டி ஒரு கீறல் இருந்தது. காம்பவுண்ட் போட்டு முக்கால்வாசி மங்கிவிட்டது. மிச்சத்தையும் போக்கிவிடலாம் என்று P1500 தாளை எடுத்தேன். எட்டு பத்துத் தடவைதான் தேய்த்திருப்பேன். தண்ணீரில் லேசாக நீலம் கலந்து ஓடியது. காய்ந்ததும் மடிப்பின் மேல் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளப்பே இல்லாத ஒரு திட்டு. எந்தப் பாலிஷாலும் அது மின்னவில்லை, மின்னுவதற்கு மேலே எதுவும் மிச்சமில்லை. முக்கால்வாசி மறைந்திருந்த ஒரு கோட்டுக்காகக் கதவு முழுவதையும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கசக்கும். அட்டவணையில் உப்புத்தாளை நான் சேர்க்காததற்கு அந்தக் கதவுதான் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புத்தாள் போட்ட ஆயிரக்கணக்கான நுண் கோடுகளைக் கையாலேயே காம்பவுண்ட் போட்டு எடுப்பது பெரும்பாடு. P3000 வரை இறங்கி முடித்தாலும் மெஷின் இல்லாமல் பழைய கண்ணாடித் தன்மையைக் கொண்டுவருவது சிரமம். வீட்டில் இதற்கு நியாயமான இடம் ஒன்றே ஒன்று: நன்றாக இறுகிய டச்-அப் பெயிண்ட்டின் மேட்டைச் சமப்படுத்துவது. அங்கே நாம் தேய்ப்பது நாமே மிகையாக வைத்த பெயிண்ட்டை.

## டச்-அப் பெயிண்ட்

பேஸ் கோட்டைத் தாண்டிய கீறலுக்கு இது ஒன்றே நேர்மையான வீட்டு வழி. தேய்க்கிற வழிகள் மேட்டை இறக்குகின்றன. இது பள்ளத்தை நிரப்புகிறது. கிளியர் கோட்டில் செலவு இல்லை. தகடு தெரிகிற இடத்தில் அழகைவிடக் காப்பு முக்கியம். எஃகாக இருந்தால் ஈரக் காற்றில் சீக்கிரமே பழுப்புப் பூக்கத் தொடங்கும், உப்புக் காற்று என்றால் இன்னும் வேகம். துரு பெயிண்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவி மேலே கொப்புளம் விடும். அலுமினியத்தில் பழுப்புக்குப் பதில் வெள்ளைப் பொடி வரும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த அவசரம் எதுவும் இல்லை.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கீறலே இல்லாத மாதிரி ஆகாது. வெள்ளைக் கோடு கண்ணை இழுக்காமல் காரின் நிறத்துக்குள் அடங்கிப்போகும், அவ்வளவுதான். ஒற்றை நிறக் கார்களில் இது நன்றாக வரும். மெட்டாலிக்கிலும் முத்து வண்ணத்திலும் மினுக்குத் துகள் படியும் திசை ஸ்ப்ரேயில் ஒரு மாதிரி, பிரஷில் ஒரு மாதிரி. ஒரு கோணத்தில் சேர்ந்தும் இன்னொரு கோணத்தில் கறுத்தும் தெரியும்.

நிறத்தின் குறியீடு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய பட்டயத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். குறியீடு சரியாக இருந்தாலும் பல வருஷம் வெயிலில் நின்ற பலகை வெளுத்திருக்கும் என்பதால், முதலில் வெள்ளை அட்டையில் தடவிக் காயவைத்து, காரில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்த நிறம் ஆகாது.

வேலை பொறுமையைக் கேட்கும். துரு இருந்தால் மடித்த உப்புத்தாளின் நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் சுரண்டுங்கள். ஆல்கஹாலால் துடையுங்கள். தகடு தெரிந்தால் பிரைமர். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மினுக்குத் துகள் அடியில் தங்கியிருக்கும். மூடியோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமன். பல்குத்தும் குச்சியோ மிக மெல்லிய ஓவியத் தூரிகையோ எடுங்கள். பள்ளத்துக்குள் மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் காயவிட்டு இன்னொன்று. காயும்போது சுருங்கும் என்பதால் மூன்று நாலு பூச்சு வேண்டியிருக்கும். கடைசியில் கிளியர். ஒரே மூச்சில் தடிமனாக வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமலே இருக்கும்.

இதன் மறைமுகச் செலவு காத்திருப்பு. மேட்டைச் சமப்படுத்த நினைத்தால் குறைந்தது ஒரு வாரமாவது இறுகவிட வேண்டும். அதுவரை மெழுகு, ஆல்கஹால், அழுத்தமான நீர்ப் பீய்ச்சல் எதுவும் அங்கே படக் கூடாது. ஆல்கஹால் புதுப் பெயிண்ட்டை இளக்கி எடுத்துவிடும்.

## மெஷின் பாலிஷர்

கீறல் ஒன்றோ இரண்டோ என்றால் வாங்க வேண்டியதில்லை. கார் முழுக்கக் கழுவல் கோடுகள், அதுவும் கறுப்புக் கார் என்றால் வாங்குவதற்கு அர்த்தம் உண்டு. பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்கிற ஆர்பிட்டல் வகையை எடுங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி வகை சூட்டைக் கிளப்பும், பழகாத கையில் பெயிண்ட்டை எரித்துவிடும். பேடுகளும் துணிகளும் சேர்ந்து மெஷின் அளவுக்கே செலவு வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

## பட்டறை

தகடு நசுங்கியிருந்தால், பெயிண்ட் பெயர்ந்திருந்தால், கதவின் நீளத்துக்குத் தகடு தெரிகிற கோடு ஓடினால், பட்டறைக்குப் போவதே சரி. வீட்டில் பிரஷோடு போராடினால் நேரமும் மனசும்தான் வீணாகும்.

ஆனால் 'பட்டறையில் கொடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்' என்ற நம்பிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும். தொழிற்சாலையில் வெற்று உடலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுட்டு பெயிண்ட்டை இறுக்குகிறார்கள். இருக்கையும் ஒயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பட்டறையில் சுமார் 60 டிகிரிதான், அதற்கேற்ற வேறு வகைப் பெயிண்ட்தான். நல்ல கைகள் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் கனம் கூடியிருக்கும், விற்கும்போது வாங்குபவர் அளவுக் கருவியை வைத்தால் அந்தக் கதவு பிடிபடும், விபத்தா என்று கேள்வி வரும். நிறம் பொருந்துவதற்காகப் பக்கத்துப் பலகையிலும் கொஞ்சம் கலந்து அடிப்பார்கள். அப்போது ஒரு கீறலுக்கு இரண்டு பலகைகள். காப்பீட்டில் செய்ய நினைத்தால், கோரிக்கை வைக்காததற்குக் கிடைத்து வந்த சலுகை போகுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பம்பருக்குப் பின்னால் ரேடார் உணரி உள்ள கார்களில் அந்த இடத்தில் பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பசை) கனமான பெயிண்ட்டும் ஏறினால் உணரியின் வேலை கெடலாம்; தயாரிப்பாளரின் வழிமுறையைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

## கை வைக்கவே கூடாத இடங்கள்

பளபளப்பில்லாத மேட் பூச்சுக் காரில் மேலே சொன்ன எந்தத் தேய்ப்பும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்ன ஆரம்பித்துவிடும், பிறகு அதை மங்கச் செய்ய வழியில்லை. பெயிண்ட்டின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் கீறல் படலத்தில்தான் இருக்கும்; தானாகச் சேரும் வகையாக இருந்தால் வெந்நீர் ஊற்றினாலே மெல்லிய கோடுகள் கூடிவிடும். செராமிக் பூச்சு இருக்கும் காரில் பாலிஷ் அந்தப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி போட வேண்டும். அப்புறம், ஏற்கெனவே பட்டறையில் அடித்த பலகை: அதன் கிளியர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்பதால் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ஒரே கீறலில் இரண்டு ஆழம் இருந்தால்

நடைமுறையில் அதிகம் வருவது இதுதான். சாவியோ முள்செடியோ இழுத்த கோடு ஒரே ஆழத்தில் ஓடாது. நடுவில் பிரைமர் வரை போயிருக்கும், இரண்டு முனைகளிலும் மெலிந்து கிளியர் கோட்டோடு நின்றிருக்கும். இப்படிப்பட்ட கோட்டுக்குப் 'பாலிஷா, டச்-அப்பா' என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் வரிசை முக்கியம்.

முனைகளைப் பாலிஷ் செய்துவிட்டு நடுவைப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பாலிஷின் எண்ணெயும் வெள்ளைப் பொடியும் ஆழமான நடுப்பள்ளத்தில் போய் அடைந்துகொள்ளும், அதன் மேல் வைத்த பெயிண்ட் சில வாரங்களில் பெயர்ந்து வரும். நீர்ச் சோதனையில் மறையாத நீளத்தின் இரண்டு எல்லையிலும் சிறு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்துக்கு மட்டும் முதலில் டச்-அப். ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகு முனைகளில் பாலிஷைத் தொடங்கி, டச்-அப்பின் மேல் வரும்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். புதுப் பெயிண்ட்டின் நிறம் துணியில் கொஞ்சம் ஏறினால் அது இன்னும் இறுகவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம்.